குழந்தையின் ரத்தத்தில் ஈயம்: ஊசி குத்துவதற்கு முன்பும் ரிப்போர்ட் வந்த பிறகும்

விரல்நுனியில் ஒரு துளி ரத்தம், மூன்று நிமிடத்தில் ஒரு எண். வெளியிலிருந்து பார்த்தால் ஈயப் (காரீயம், ஆங்கிலத்தில் லெட்) பரிசோதனை இவ்வளவுதான். அந்தத் துளிக்குள் எவ்வளவு சிறிய அளவைத் தேடுகிறோம் என்று கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். கையடக்கக் கருவிக்குத் தேவைப்படும் ரத்தம் 50 மைக்ரோலிட்டர். குழந்தையின் அளவு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தத் துளியில் இருக்கும் ஈயம் மொத்தமே ஒன்றே முக்கால் நானோகிராம். உதிர்ந்த பழைய பெயிண்ட் தூசியில் நூற்றில் ஒரு பங்கு ஈயம் இருந்தால், ஒரு மைக்ரோகிராம் தூசியிலேயே 10 நானோகிராம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் விரலிலிருந்து துளியில் கலந்துவிட்டால், 3.5 என்று வரவேண்டிய எண் 23-ஐத் தாண்டிவிடும்.

அதனால் இந்தப் பரிசோதனையின் துல்லியம் கை கழுவும் தொட்டியில் தொடங்குகிறது. சோப்புப் போட்டு, நக இடுக்கு வரை தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். ஸ்பிரிட் பஞ்சு கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது. அது சோப்புக்குப் பிறகு வரவேண்டியது, சோப்புக்குப் பதிலாக வருவதல்ல. நூலிழை உதிராத சுத்தமான துணியில் ஒற்றிய பிறகு அந்தக் கை எதையும் தொடக் கூடாது. இங்கேதான் அடிக்கடி சறுக்குகிறது. கழுவி முடித்த குழந்தை நடந்து வந்து நாற்காலியைப் பிடிக்கும், சட்டையில் கை துடைக்கும், அம்மாவின் பையைத் துழாவும். மறுபடி கழுவத்தான் வேண்டும். கழுவிய கையைப் பெரியவர் ஒருவர் மணிக்கட்டில் பிடித்தபடி நேராக மேசைக்குக் கொண்டுவந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ரத்தம் எடுப்பவரும் கை கழுவி, பவுடர் இல்லாத கையுறை போட வேண்டும்.

குத்துவது நடுவிரலிலோ மோதிர விரலிலோ, சதைப்பகுதியின் நட்டநடுவில் இல்லாமல் சற்றே ஓரமாக. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குதிகாலின் பக்கவாட்டில். முன்கூட்டியே வெதுவெதுப்பான தண்ணீரில் கையைச் சூடேற்றினால் ரத்தம் தானாக வரும். முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியிலிருந்து எடுக்க வேண்டும். விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். ரத்தம் பிடிக்கும் குழாயின் விளிம்பால் தோலைச் சுரண்டினால் தோலில் ஒட்டியதும் சேர்ந்து வரும். குழாய் நிறைந்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிக் கலக்க வேண்டும். இதை மறந்தால் ரத்தம் உறைந்து, லேப் அதைத் திருப்பி அனுப்பிவிடும். குழந்தையை இன்னொரு முறை அழவைக்க வேண்டியிருக்கும்.

விரலா, சிரையா

விரல்நுனிச் சோதனை வடிகட்டத்தான். குறைந்த எண் வந்தால் பெரும்பாலும் நம்பலாம். கூடுதல் எண் வந்தால் முழங்கை மடிப்பில் சிரை ரத்தம் எடுத்து லேபில் உறுதிசெய்யாமல் முடிவுக்கு வரக் கூடாது. சிரை ரத்தத்துக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. சேர்த்த குழாய் வேண்டும். நுண்ணளவு உலோகச் சோதனைக்கென்றே வரும் கருநீல மூடிக் குழாய் மிக நல்லது. ஊதா மூடிக் குழாயைப் பயன்படுத்துவதானால் அந்த லேப் அதை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்ப வேண்டியது முழு ரத்தம். ரத்தத்தில் உள்ள ஈயத்தில் சுமார் 99 சதவீதம் சிவப்பணுக்களோடு ஒட்டியிருப்பதால், வழக்கம்போலச் சுழற்றிப் பிரித்து, அணுக்கள் நீங்கிய தெளிந்த சீரத்தை மட்டும் அனுப்பினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. சிரையில் எடுத்த ரத்தத்தைக் கையடக்கக் கருவியில் போட்டுப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. அப்படிச் செய்தால் உண்மையான அளவைவிடக் குறைவாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. சிரை ரத்தத்துக்கு கிராஃபைட் உலை அணு உறிஞ்சல் முறையோ ஐசிபி-எம்எஸ் முறையோ (இரண்டும் மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் லேப் முறைகள்) உள்ள லேப்தான் சரி.

தலைமுடி, நகம் ஆகியவற்றில் ஈயம் பார்ப்பதால் சிகிச்சைக்கு உதவும் தகவல் எதுவும் கிடைக்காது. வெளியிலிருந்து படிந்ததும் உள்ளிருந்து வந்ததும் அதில் பிரியாது. உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து கொடுத்து, அதன் பிறகு சிறுநீரில் வரும் ஈயத்தை அளக்கும் 'தூண்டிய சிறுநீர்ச் சோதனை' இதைவிட மோசம். அந்த மருந்து கொடுத்தால் ஆரோக்கியமான உடலிலிருந்தும் உலோகம் சிறுநீரில் கூடுதலாக வெளியேறும். அதைப் பார்த்துப் பயந்து, தேவையில்லாத சிகிச்சைக்கு ஒப்புக்கொள்கிறார்கள். குழந்தைக்கு இதைச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

எண்ணைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். சில லேப்கள் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்று தரும், சில லிட்டருக்கு என்று தரும். லிட்டர் கணக்கில் 35 என்பது டெசிலிட்டர் கணக்கில் 3.5. பத்து மடங்கு வித்தியாசம். லிட்டருக்கு மைக்ரோமோல் என்று வந்தால் 20.7-ஆல் பெருக்க வேண்டும்: 0.24 என்றிருந்தால் அது கிட்டத்தட்ட 5. இனி இந்தக் கட்டுரையில் வரும் ரத்த அளவுகள் எல்லாம் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 அக்டோபரில் தன் குறியீட்டு அளவை 5-லிருந்து 3.5-ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி, 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் மூலத்தைக் கண்டுபிடித்துத் தொடர்பைத் துண்டிக்கச் சொல்கிறது. இந்த 3.5 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் 1 முதல் 5 வயதுக் குழந்தைகளில் மிக அதிக அளவுள்ள இரண்டரை சதவீதத்தினரைப் பிரித்துக் காட்டும் புள்ளி அது. அதற்குக் கீழே பாதுகாப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 1333 குழந்தைகளை அலசி 2005-ல் வெளியான பகுப்பாய்வில், 2.4-லிருந்து 10-க்கு ஏறும்போதே நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) சராசரியாக 3.9 புள்ளி இறங்கியது. 10-லிருந்து 20-க்கு ஏறும்போது ஏற்பட்ட கூடுதல் இழப்பு அதைவிடக் குறைவு. அதாவது முதல் சில மைக்ரோகிராம்கள்தான் அதிகம் பறிக்கின்றன. ஆகவே 4 என்று வந்த ரிப்போர்ட்டை 'லேசாகத்தான் கூடியிருக்கிறது' என்று மடித்து வைக்காதீர்கள். அந்த அளவில் குழந்தையிடம் வெளியே தெரியும் அறிகுறி எதுவும் இருக்காது என்பதும் சேர்ந்து ஏமாற்றும்.

விரல்நுனியில் கூடுதலாக வந்தால் சிரை ரத்தத்தில் எவ்வளவு சீக்கிரம் உறுதிசெய்வது? 3.5 முதல் 9 வரை என்றால் மூன்று மாதத்துக்குள். 10 முதல் 19 என்றால் ஒரு மாதத்துக்குள். 20 முதல் 44 என்றால் இரண்டு வாரத்துக்குள். 45-ம் அதற்கு மேலும் என்றால் 48 மணி நேரத்துக்குள். எண் எவ்வளவாக இருந்தாலும், தொடர்ந்த வாந்தி, தூங்கி வழிதல், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் எந்த அட்டவணையும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மூளை வீக்கத்தின் அடையாளங்கள் அவை.

வீட்டுக்குள் தேடுவது

இந்த விஷயத்தில் மிக அதிக நேரம் கொடுக்க வேண்டிய வேலை இதுதான், மிகக் குறைவாக நேரம் கொடுக்கப்படுவதும் இதற்குத்தான். ரத்தத்தில் ஏறும் ஈயம் ஒரு மாத அளவில் பாதியாகக் குறையும். எனவே ரிப்போர்ட்டில் உள்ள எண் முக்கியமாக அண்மைய வாரங்களின் கதையைச் சொல்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் என்ன மாறியது என்று கேளுங்கள். வீடு மாறினீர்களா, சுவர் சுரண்டினீர்களா, வீட்டில் யாராவது புது வேலைக்குச் சேர்ந்தார்களா, குழந்தை தவழவோ நடக்கவோ ஆரம்பித்ததா, புதிதாக ஒரு பொடியோ பாத்திரமோ மருந்தோ வந்ததா?

அடுத்த கேள்வி: வீட்டில் வேறு யாருக்குக் கூடியிருக்கிறது? அம்மாவுக்கும் அண்ணன் அக்காவுக்கும் சேர்த்துப் பரிசோதனை செய்தால் பாதி வழி தெரிந்துவிடும். பெரியவர்களுக்கும் சேர்ந்து கூடியிருந்தால் எல்லாருக்கும் பொதுவானதைச் சந்தேகியுங்கள்: சமைக்கும் பாத்திரம், குடிநீர், மசாலாப் பொடி. தவழும் குழந்தைக்கு மட்டும் கூடியிருந்தால் தரைத் தூசி, பெயிண்ட், மண், வாயில் போடும் பொருள். இது கறாரான விதி இல்லை, காரணம் குழந்தையின் குடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும். ஆனாலும் எங்கே முதலில் பார்ப்பது என்று திசை காட்டும்.

பெயிண்டைப் பார்க்கும்போது முழங்காலிட்டுக் குழந்தையின் உயரத்திலிருந்து பாருங்கள். உரசும் இடங்கள்தான் முதலில்: ஜன்னல் சட்டம், கதவு நிலை, படிக்கட்டு. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் பெயிண்ட் அரைபட்டுப் பொடியாக விழும். ஜன்னல் விளிம்பில் பற்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே, சுவரை ஒட்டிய வெற்று மண்ணில் பல ஆண்டுப் பெயிண்ட் உதிர்ந்து சேர்ந்திருக்கும். கடையில் கிடைக்கும் நிறம் மாறும் குச்சியை நம்பி 'ஈயம் இல்லை' என்று முடிவு செய்யாதீர்கள். மேல்பூச்சு புதியதாக இருந்தால் அடியில் உள்ள பழைய அடுக்கை அது தொடாது. எக்ஸ்-கதிரால் உலோகத்தை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி அடுக்குகளை ஊடுருவிப் பார்க்கும். பாத்திரம், பொம்மை, நகைக்கும் அது உதவும்.

வேலையிடத்திலிருந்து வீட்டுக்கு வரும் தூசியைப் பலர் யோசிப்பதே இல்லை. பேட்டரி உடைப்பது, பழைய இரும்பு உருக்குவது, ரேடியேட்டர் பற்றவைப்பு, பெயிண்ட் சுரண்டல், துப்பாக்கி சுடும் பயிற்சிக் களம், மீன்வலைக் குண்டு வார்ப்பது. செருப்பிலும் தலைமுடியிலும் வேலைச் சட்டையிலும் அது வீட்டுக்குள் வரும். செனகலின் டக்காருக்கு அருகே உள்ள தியாரோய் சுர் மேர் என்ற இடத்தில், பேட்டரி ஈயம் கலந்த மண்ணை அள்ளி வீட்டருகே சலித்ததில் 2007–2008-ல் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

பிறகு வாய்க்கும் தோலுக்கும் போகும் பொருட்கள். மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரிய லெட் குரோமேட் என்ற ஈய நிறமி கலந்த பொடிகள், ஈய சல்ஃபைடில் செய்த கண் மை, உலோகம் சேர்த்த நாட்டு மருந்துகள், சரியாகச் சுடாத மெருகுப் பூச்சுள்ள மண்பாண்டம், பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த அலுமினியப் பாத்திரம். புளிப்பான உணவு ஈயத்தைக் கரைத்து இழுக்கும். தண்ணீரில் வந்தால் அது ஈயக் குழாய், பற்றவைப்பு, பித்தளை இணைப்பு ஆகியவற்றிலிருந்து வரும். இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீரில் அதிகம் இருக்கும். குடிக்கவும் சமைக்கவும் குளிர்ந்த குழாய் நீரைச் சற்று ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். கொதிக்கவைப்பதால் ஈயம் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் அடர்த்தியாகும். குழந்தைக்குப் பால்பொடி கரைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

தமிழில் பேசும்போது ஒரு குழப்பம் வேறு உண்டு. ஈயம் என்று நாம் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. நச்சு காரீயத்தில்தான். பாத்திரத்துக்குப் பூசவேண்டியது வெள்ளீயம். அதில் காரீயம் கலந்திருந்தால் பார்வைக்குத் தெரியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். பென்சிலின் உள்ளே இருப்பதையும் காரீயம் என்பார்கள். அது கிராஃபைட், கரியின் ஒரு வடிவம். பென்சில் நுனியைக் கடித்த குழந்தைக்கு அதனால் ஈயம் ஏறாது.

மண், சுண்ணாம்பு, பெயிண்ட் செதில் தின்னும் பழக்கம் உள்ள குழந்தைக்கோ, 20-க்கு மேல் உள்ள குழந்தைக்கோ வயிற்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது பயன் தரும். குடலில் வெள்ளைப் புள்ளிகளாகச் செதில்கள் தெரிந்தால், மருத்துவமனையில் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலால் குடலைக் கழுவி வெளியேற்றுவார்கள். அவை உள்ளே இருக்கும்வரை ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும்.

சுத்தம் செய்வது

உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்துங்கள். சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்துகளைப் பின்பக்கமாக ஊதி அறை முழுக்கப் பரப்பும். நுண்துகளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளது மட்டுமே ஆகும். ஈரத் துணியால் துடைப்பதற்கு இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் அலசும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் ஈயம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும், அவ்வளவுதான். ஜன்னல் விளிம்பு முதலில், தரை கடைசியில், உள்மூலையிலிருந்து வாசலை நோக்கி. கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். உதிரும் இடத்தைத் தற்காலிகமாக ஒட்டும் தாளால் மூடுங்கள் அல்லது கனமான அலமாரியை முன்னால் நகர்த்துங்கள்.

பயத்தில் பெயிண்டை உடனே சுரண்டி எறிய நினைப்பது இயல்பு. அதுதான் பெரிய ஆபத்து. உலர்த் தேய்ப்பும் நெருப்பால் சுடுவதும் சுவரில் ஒட்டிக்கிடந்த ஈயத்தைக் காற்றில் ஏற்றிவிடும். இப்படிச் சுரண்டிய பிறகு குழந்தையின் எண் ஏறுவது அடிக்கடி காணும் விபரீதம். நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். வேலை முடிந்து முழுக்க ஈரத்தில் துடைத்து எடுக்கும்வரை குழந்தையும் கர்ப்பிணியும் அந்த வீட்டில் தங்கக் கூடாது.

சத்து விஷயத்தில் ஒரே ஒரு அழுத்தம்: இரும்புச்சத்துக் குறைபாடு. இரும்பை உள்ளே இழுக்கும் அதே கடத்தி ஈயத்தையும் இழுக்கும். இரும்பு குறைந்தால் குடல் இன்னும் கூடுதலாகத் திறக்கும், ஈயம் அதில் நுழைந்துகொள்ளும். ஆகவே ஈயப் பரிசோதனையோடு ஹீமோகுளோபினும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்து, குறைபாடு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் இரும்பு கொடுக்க வேண்டும். கால்சியமும் போதுமான அளவு வேண்டும். வெறும் வயிற்றில் உறிஞ்சல் கூடும் என்பதால் குழந்தையை நீண்ட நேரம் பட்டினி போடாமல் சிறிது சிறிதாக அடிக்கடி ஊட்டுங்கள். ஈயத்தை 'வெளியேற்றும்' பொடி, கஷாயம் என்று விற்பவற்றை வாங்காதீர்கள். அவற்றிலேயே ஈயம் இருந்த நிகழ்வுகள் உண்டு.

மருந்து எப்போது

ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் செலேஷன் சிகிச்சைக்கான எல்லை 45. அதற்குக் கீழே ஏன் வழக்கமாகக் கொடுப்பதில்லை என்பதற்கு உறுதியான சான்று இருக்கிறது. 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளுக்கு சக்சிமர் என்ற செலேஷன் மருந்தைக் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2001-ல் வந்தது. மருந்து ரத்த அளவை இறக்கியது. அறிவுத்திறன் சோதனைகளில் மட்டும் எந்த முன்னேற்றமும் இல்லை.

45 முதல் 69 வரை, அறிகுறி இல்லாத குழந்தைக்கு வாய்வழி சக்சிமர்: ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நாள், பிறகு பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதினான்கு நாள். அழுகிய முட்டை வாடை அடிக்கும். கேப்ஸ்யூலைப் பிரித்து மென்மையான உணவில் கலந்து கொடுக்கலாம். இடையிடையே வெள்ளணுக்களையும் கல்லீரல் நொதிகளையும் பார்க்க வேண்டும். 70-ஐ எட்டினாலோ மூளை பாதித்தாலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் ஊசி மருந்துகள். முதலில் டைமெர்காப்ரால், நான்கு மணி நேரம் கழித்து கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. டைமெர்காப்ரால் நிலக்கடலை எண்ணெயில் கரைத்து வருவது, எனவே கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் போடக் கூடாது. டைமெர்காப்ரால் போடும் நாட்களில் இரும்பு மருந்தையும் நிறுத்த வேண்டும்.

இங்கே பெயரில் ஒரு சொல் விடுபட்டால் உயிர் போகும். கால்சியம் இல்லாத 'டைசோடியம் இ.டி.டி.ஏ.' என்ற வேறு மருந்து இருக்கிறது. அது ரத்தத்தின் கால்சியத்தையே பிடித்து இழுத்துவிடும். 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் செலேஷன் சிகிச்சையின்போது கால்சியம் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள், அவர்களில் இருவர் குழந்தைகள். புட்டியின் பெயரை முழுதாக, இரண்டு பேர் வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.

மருந்து முடிந்த குழந்தையை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. நைஜீரியாவின் ஸம்ஃபாரா மாநிலத்தில் தங்கத் தாதுவை வீடுகளில் அரைத்ததால் 2010-ல் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஈய மண்ணை அகற்றிய கிராமங்களின் குழந்தைகளுக்கே செலேஷன் தொடங்கியது. கல்மனம் என்று தோன்றலாம். ஆனால் மண் அப்படியே இருந்தால் மருந்து இறக்கியது சில வாரத்தில் திரும்ப ஏறிவிடும், மருந்தின் தீமை மட்டும் மிஞ்சும்.

அடுத்த சோதனை வரை

சிகிச்சை முடிந்த பின் எண் மறுபடி ஏறினால் உடனே கலங்க வேண்டாம். எலும்பில் பல ஆண்டாகத் தங்கும் ஈயம் ரத்தத்துக்குத் திரும்பி வருவதால் ஓரளவு ஏற்றம் எதிர்பார்க்கக்கூடியதே. பழைய உச்சத்தை எட்டினால் அல்லது தாண்டினால் மூலம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். மருந்து தேவைப்படாத அளவுகளில் இறக்கம் பெற்றோர் நினைப்பதைவிட மெதுவாக இருக்கும். 20-களில் தொடங்கிய எண் 10-க்குக் கீழே வர ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகலாம். 3.5 முதல் 9 வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 10 முதல் 19 வரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள், 20 முதல் 44 வரை இரண்டு வாரம் முதல் ஒரு மாதத்துக்குள் திரும்பப் பாருங்கள். முடிந்தவரை அதே லேபில், சிரை ரத்தத்தில். 6 என்பது 7 ஆவது அளவீட்டு ஊசலாட்டமாக இருக்கலாம், 6 என்பது 11 ஆவது அப்படி இருக்காது.

எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதியோடு ஒரே உறையில் வையுங்கள். எண் இறங்கிய பிறகும் அந்த உறைக்கு வேலை இருக்கிறது. ஈயம் தொட்ட குழந்தைக்குக் கவனக் குறைவும் வாசிப்புச் சிரமமும் பல நேரம் பள்ளிக்குப் போன பிறகுதான், அதுவும் இரண்டு மூன்று வகுப்பு கடந்த பிறகுதான் தெரியவரும். அப்போது பார்க்கும் மருத்துவருக்கு இரண்டு வயதில் இருந்த எண் தெரியாது. உறையை எடுத்துக் காட்டி, பேச்சு, கவனம், கற்றல் மூன்றையும் முறையாகச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.